மூடி மாறிய கோடை

உங்களில் எத்தனை பேருடைய குசினியில் இன்னும் அடுத்த வீட்டுச் சட்டி ஒன்று கிடக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். வெட்கப்பட வேண்டாம். என் வீட்டில் இரண்டு கிடக்கின்றன. ஒன்று யாருடையது என்று தெரியும், கொண்டுபோய்க் கொடுக்க நேரமில்லை. மற்றது யாருடையது என்றே தெரியாது, கேட்கவும் கூச்சம். நம் வயதுக்காரருக்கு இந்த அவஸ்தை விளங்கும். என் மகளுக்கு விளங்காது. "அம்மா, ஜஸ்ட் டொனேட் இட்" என்கிறாள். சட்டியைத் தானம் செய்யலாம், பிள்ளை. அதற்குள் வந்த நண்டுக் கறியை என்ன செய்வது? அது வயிற்றுக்குள் போய்க் கணக்கில் ஏறிவிட்டதே.

"சட்டி வந்தால் சும்மா போகக் கூடாது" என்பது என் அம்மாவின் வேதம். யாராவது சாப்பாடு அனுப்பினால், ஏனத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது உள்ளே இருக்க வேண்டும். "வெறும் ஏனம் குடுத்தால் உறவும் வெறுமையாப் போயிடும்" என்று சொல்லுவார். இந்த ஒரு வழக்கத்தினால்தான் எங்கள் குடும்பம் கனடாவின் மேற்குக் கடலைப் பார்க்காமல் போனது. சிரிக்காதீர்கள். உண்மை.

அப்போது நாங்கள் மொன்றியலில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அப்பா ஒரு பேக்கரியில் வேலை. பேக்கரியின் பின்புறம், ஒரு மரத்தடியில், காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற ட்ரெய்லர் வீடு ஒன்று நெடுங்காலமாக நின்றது. பிரெஞ்சுக்கார முதலாளியுடையது. அவருடைய மனைவி, "இதுவா, நானா?" என்று கேட்டாராம். மனுசன் யோசித்து, மனைவியை வைத்துக்கொண்டு ட்ரெய்லரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார்.

அப்பா அதை "வண்டில்" என்றார். நாங்களும் வண்டில் என்றோம். வெள்ளை உடம்பு, விலாவில் செம்மஞ்சள் கோடு. கதவைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசமும், நனைந்து காய்ந்த கம்பளத்தின் வாசமும் முகத்தில் அடிக்கும். சாப்பாட்டு மேசையை இறக்கி மடித்தால் கட்டில். கட்டிலைத் தூக்கினால் பெட்டகம். கைகழுவும் தொட்டிக்குக் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று. மிதித்தால் முதலில் கிழவன் மாதிரி இருமும், பிறகுதான் தண்ணீர் துப்பும். யன்னல் சீலையில் வாத்துகள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன. எல்லா வாத்தும் ஒரே திசையில். தம்பி அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தான்.

அப்பாவின் கால் ஓரிடத்தில் தரிக்காது. கதிரையில் இருந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும். "ஒரே இடத்திலை இருந்தால் காலிலை வேர் விட்டிடும்" என்பார். வண்டில் வந்த நாள் முதல் அவருக்கு ஒரே பேச்சு.

"கனடாவிலை இந்தக் கரையாலை வந்து இறங்கினம். மற்றக் கரையைப் பாக்க வேண்டாமோ? அங்கை சூரியன் கடலுக்குள்ளை விழும் மோனை. வங்கூவர் மட்டும் போறம். போய், கடலிலை காலை நனைச்சுப்போட்டு வாறம்."

மடிக்கிற பெரிய வரைபடம் ஒன்று வாங்கினார். இப்போது போல ஃபோன் வழி சொல்லுகிற காலமில்லை. எனக்கு அந்த வரைபடந்தான் பொறுப்பு. விரலை மொன்றியலில் வைத்து, ரொறன்ரோ, சட்பரி, தண்டர் பே, வின்னிபெக் என்று தள்ளிக்கொண்டே போவேன். மடிப்பில் மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, கடைசியில் மேற்குக் கடல் மட்டும் புதிதாக, மினுமினுப்பாக இருந்தது. ஒருவரும் அங்கே விரல் வைக்கவில்லை.

அம்மா இந்தப் பேச்சில் சேரமாட்டார். அவருக்கு அங்கே பிரெஞ்சும் வராது, கதைக்க ஆளும் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அம்மா சில நாள் குளிர்சாதனப் பெட்டியோடு கதைத்துக்கொண்டு நிற்பார். "நீயும் உறுமிக்கொண்டுதான் நிக்கிறாய், ஒரு பதில் சொல்லுறியே" என்று அதை ஏசுவார். நான் அதைப் பகிடி என்று நினைத்தேன்.

கோடை விடுமுறை தொடங்கி, வண்டிலைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டோம். முதல் தரிப்பு ரொறன்ரோ. ஒரேயொரு இரவு. அப்பா வரைபடத்தில் அடித்துச் சொன்னார். ரொறன்ரோவில் நிற்காமல் போகவும் முடியாது. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்தில், எங்கள் அம்மாவின் அக்கா இருந்தார், எங்களுக்குப் பெரியம்மா. அதே தெருவின் எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தில் அப்பாவின் அக்கா இருந்தார், எங்களுக்கு மாமி. இரண்டு பேரும் எதிரும் புதிருமாகப் பல்கனி வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

கோபத்தின் காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒன்று இருக்கும். பெரியம்மாவின் மகளுக்கு முதல் நன்மை, அதாவது முதன்முதல் நற்கருணை, கொடுத்தார்கள். கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் சாப்பாடு. படம் எடுக்கிறவர் "குடும்ப ஆக்கள் வாங்கோ" என்று கூப்பிட்டிருக்கிறார். மாமி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு ஓரத்தில் நின்றிருக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று. ஒருவரும் கூப்பிடவில்லை. மாமி சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஆட்களிடையே சண்டை பிடித்துவிட்டுப் போகலாம். அழுதுவிட்டுப் போகலாம். சாப்பிடாமல் மட்டும் போகக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கிடையாது.

ஆகவே ரொறன்ரோவில் எங்கே பெட்டி இறக்குவது? பெரியம்மா வீட்டில் இறக்கினால் மாமிக்கு எதிரி. மாமி வீட்டில் இறக்கினால் பெரியம்மாவுக்கு எதிரி. அப்பா இதற்குத்தான் மாமருந்து கண்டுபிடித்த பெருமையோடு காரோட்டி வந்தார்.

"ஆற்றை வீட்டிலையும் பெட்டி இறக்கத் தேவையில்லை. எங்கடை வீடு எங்களோடை வருது. ஆருக்கும் நோகாது."

ஐயோ, அப்பா.

இரண்டு கட்டடங்களுக்கும் கிட்ட, சந்தி மூலையில் ஒரு தமிழ்க்கடை இருந்தது. கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். கடையின் பின்புறத்தில், அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்த இடத்தில், வண்டிலை விடச் சொன்னார். கருவாடும் கொத்தமல்லியும் வெயிலில் சுட்ட தாரும் கலந்த வாசம். அம்மா கடைத் தொலைபேசியில் பெரியம்மாவை எடுத்தார். பெரியம்மாவின் குரல் எங்களுக்கே கேட்டது.

"வந்திட்டியளோ? பெட்டியளைத் தூக்கிக்கொண்டு மேலை வாங்கோ. மீன் வெட்டி வைச்சிருக்கிறன்."

"இல்லையக்கா… இவர் வண்டிலுக்குள்ளையே படுப்பம் எண்டுறார்."

பெரியம்மாவின் குரல் இன்னும் ஏறியது.

"ஓ. என்ரை வீட்டுக் கட்டிலிலை மூட்டைப் பூச்சியெண்டு ஆர் சொன்னது? உங்கடை மச்சாளோ?" மச்சாள் என்றது எங்கள் மாமியை.

மாமி தொலைபேசிக்குக் காத்திருக்கவில்லை. பல்கனியில் இருந்து பார்த்துவிட்டு நேரே இறங்கி வந்து, உள்ளங்கையால் வண்டிலின் விலாவில் படபடவென்று அடித்தார். வாத்துகள் எல்லாம் ஆடின.

"டேய் தம்பி! நான் உயிரோடை இருக்கேக்கை நீ றோட்டிலை படுக்கிறியோ?"

"றோட்டில்லை அக்கா. இது கடைக்காரரின்ரை வளவு."

"வளவாம் வளவு! குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலை வளவு! தம்பியைத் தெருவிலை விட்டாள் எண்டு நாளைக்குக் கோயிலிலை சனம் கதைக்கட்டும். அதுதானே உனக்கு வேணும்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அப்பா தன் மத்தளத்தைத் தானே கொழுவி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அன்று பின்னேரமே சட்டிகள் வரத் தொடங்கின. பெரியம்மா வீட்டில் இருந்து சோறும் மீன்குழம்பும். மாமி வீட்டில் இருந்து புட்டும் இறைச்சிக் கறியும். இரண்டு சட்டியும் ஒரே அளவு. மூடியைப் பார்த்துத்தான் வேறுபாடு தெரியும். பெரியம்மாவின் மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு இருக்கும், மண்டப விசேஷங்களில் மாறிப்போகாமல் இருக்க. மாமி தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய மூடியின் பிடி எப்போதோ உடைந்து, அதற்குப் பதிலாக மரத்தாலான நூல்கட்டை ஒன்றை ஆணி போட்டுப் பூட்டியிருந்தார்.

மறுநாள் விடிய அப்பா எண்ணெய் பார்த்தார், டயரைக் காலால் தட்டினார், "வெளிக்கிடுவம்" என்றார். அம்மா, "சட்டியளைக் குடுக்க வேணுமெல்லோ" என்றார். சட்டி வெறுமையாகப் போகக் கூடாதே. கடையில் வாழைப்பழம் வாங்கி இரண்டிலும் வைத்தார். நானும் தம்பியும் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனோம். வாழைப்பழத்தைக் கண்டு பெரியம்மாவின் முகம் சுருங்கியது. "கடைச் சாமானோ? உன்ரை அம்மாவுக்குக் கை இல்லையோ?" என்று சொல்லிக்கொண்டே இடியப்பமும் சொதியும் போட்டு அதே சட்டியைத் திருப்பித் தந்துவிட்டார். மாமியும் அப்படியே. அம்மா இடியப்பச் சட்டியைக் கழுவி, வண்டிலின் ஒற்றை அடுப்பில் கடலை தாளித்து உள்ளே வைத்து அனுப்பினார். கடலைக்குப் பதில் நண்டு வந்தது. நண்டுக்குப் பதில் பாயாசம் போனது. பாயாசத்துக்குப் பதில் கோழி வந்தது.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் பிங்பொங் விளையாட்டுப் பார்த்திருப்பீர்கள். நானும் தம்பியும் அந்தப் பந்துகள். சுடச்சுடச் சட்டியைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விளக்குச் சந்தியில் பேருந்துகளுக்கு நடுவே நின்று, பச்சை விழக் காத்திருப்போம். இரண்டு பல்கனியும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே போனால் விசாரணை.

"நேற்று ஆற்றை சட்டியை முதல் திறந்தனீங்கள்?"

தம்பி கெட்டிக்காரன். "எனக்குத் தெரியாது பெரியம்மா, நான் நித்திரை" என்பான். அதே பதில் மாமிக்கும்.

அப்பா காரில் இருந்து வண்டிலைக் கழற்றவே இல்லை. "அவிட்டால் போச்சு" என்றார். பால் வாங்க வேண்டும் என்றாலும் நடை. கோயிலுக்குப் பேருந்து. கார் ஓடத் தயாராக, கொழுக்கியும் சங்கிலியும் பூட்டியபடி, மூக்கைத் தெருவுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சில நேரம் உள்ளே ஏறி, சாவி போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். முழங்கால் ஆடும். கடைக்காரர் காலையில் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார்.

"என்ன அண்ணை, வங்கூவர் வந்திட்டுதோ?"

"நாளைக்கு விடிய வெளிக்கிடுறம்."

"ஓமோம். விருந்தும் மருந்தும் மூண்டு நாள் எண்டுறது. உங்களுக்கு விருந்தே மருந்தாப் போச்சு."

எனக்கும் கால் பரபரத்தது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு வெளிக்கிட்டால் சட்பரி, நாளைக்கு அதற்கப்பால் என்று விரலைத் தள்ளுவேன். ஒருநாள் அம்மா அவசரத்தில் மாமியின் சட்டியை அதன் மேலேயே இறக்கிவிட்டார். தூக்கிப் பார்த்தால் ரொறன்ரோவைச் சுற்றி மஞ்சள் வட்டம். துடைக்கத் துடைக்கப் பரவியது. நான் கத்தினேன். அம்மா, "பேப்பர்தானே" என்றார். அவர் அப்போது ஏதோ பாட்டை மெதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மொன்றியலில் அம்மா பாடி நான் கேட்டதில்லை.

ஆடி மாதம் முடியப்போகிற நேரத்தில் அப்பா மேசையில் அடித்தார். "இனி ஒரு சட்டியும் வரக் கூடாது. இண்டைக்கே எல்லாத்தையும் குடுத்து முடி. நாளைக்கு நான் சாவியைத் திருப்பேக்கை இந்த வண்டிலுக்குள்ளை எங்கடை சாமான் மட்டுந்தான் இருக்க வேணும்."

அம்மா ரவை வறுத்து லட்டுப் பிடித்தார். இரண்டு சட்டியையும் மினுங்க மினுங்கத் தேய்த்து, லட்டை அடுக்கி, மூடினார். நான் பக்கத்தில் நின்று ஏலக்காய் உமியை ஊதிக்கொண்டிருந்தேன். சிவப்புப் பொட்டு மூடியை மாமிக்குப் போகிற சட்டியில் வைத்தார்.

"அம்மா, உது பெரியம்மாவின்ரை மூடி."

"எல்லாம் ஒரே அளவுதான். நீ கதையாமல் கொண்டுபோ."

இரண்டு வீட்டு வாசலிலும் சட்டியைக் கொடுத்துவிட்டு, வேறு எதையும் வாங்காமல் ஓடி வந்துவிட்டோம். அப்பாவின் கட்டளை.

மறுநாள் மழை. அப்பா காரில் ஏறி இயந்திரத்தை முடுக்கிவிட்டார். துடைப்பான் டக்டக்கென்று ஆடியது. நான் வரைபடத்தோடு முன்சீற்றில். அம்மா, "யன்னலைப் பூட்டிப்போட்டு வாறன்" என்று தம்பியோடு வண்டிலுக்குள் போனார். அப்போதுதான் கடையின் இடப்பக்கத்தால் ஒரு குடையும் வலப்பக்கத்தால் ஒரு குடையும் வந்தன. ஒன்றின் கீழே மாமி, ஒன்றின் கீழே பெரியம்மா. இரண்டு பேர் கையிலும் ஒவ்வொரு மூடி. வண்டில் வாசலில் இரண்டு குடையும் முட்டிக்கொண்டன. மழை சரித்து அடித்தது. வேறு வழியில்லை, இரண்டு பேரும் உள்ளே ஏறினார்கள். நானும் காரில் இருந்து இறங்கி ஓடினேன். இதைத் தவறவிட முடியுமா?

மாமி அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளை, உது என்ரை மூடியில்லை."

பெரியம்மாவும் அம்மாவைப் பார்த்தே சொன்னார். "தங்கச்சி, பொட்டு வைச்ச மூடிதான் என்ரை. ஆற்றையோ நூல்கட்டையைக் கொண்டுவந்து தந்திருக்கிறாள் உன்ரை மகள்."

"நூல்கட்டையெண்டாலும் என்ரை கையாலை பூட்டினது" என்றார் மாமி, யன்னல் சீலையில் இருந்த வாத்துகளிடம்.

"நான் ஒண்டும் குறைவாச் சொல்லேல்லை எண்டு உன்ரை மாமிக்குச் சொல்லு" என்றார் பெரியம்மா, தம்பியிடம்.

"மாமி, பெரியம்மா ஒண்டும் குறைவாச் சொல்லேல்லையாம்" என்றான் தம்பி.

"எனக்குக் காது கேக்குது எண்டு உன்ரை பெரியம்மாவுக்குச் சொல்லு."

அம்மா இதற்குள் மேசையை நிமிர்த்தி, வழிக்கென்று கட்டி வைத்திருந்த பொதியை அவிழ்த்துவிட்டார். உள்ளே பெரியம்மாவின் சட்டியில் கடைசியாக வந்த புட்டும் சூடை மீன் குழம்பும். ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மாமியின் முன்னால் வைத்தார்.

"மச்சாள், மழை விடுமட்டும் ஒரு வாய்."

மாமி கோப்பையைப் பார்த்தார். அது யாருடைய குழம்பு என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் பெரியம்மாவின் குழம்பு மணத்தை அந்தத் தெருவே அறியும். பெரியம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார், மூடியைத் திருப்பித் திருப்பிக்கொண்டு. மழை தகரக் கூரையில் கொட்டியது. வெளியே அப்பா ஹோர்னை அடித்தார்.

"இஞ்சேர்! பெற்றோல் எரியுது!"

மாமி கையை நீட்டி, கால் பம்பை ஒரு மிதி மிதித்து, அது இருமி முடியும்வரை பொறுத்து, கை கழுவினார். பிறகு குழைத்து ஒரு வாய் வைத்தார். மென்றார்.

"மீன் நல்லாத்தான் இருக்கு. புளி கொஞ்சம் கூட."

பெரியம்மா திரும்பினார். "புளி கூடவெண்டு அண்டைக்கே சாப்பிட்டுப்போட்டுச் சொல்லியிருக்கலாமே."

"அண்டைக்கு ஆர் என்னைக் கூப்பிட்டது?"

"நான் கூப்பிட்டனான் மச்சாள். அவன் படம் எடுக்கிறவன் போட்ட சத்தத்துக்குள்ளை…"

"கூப்பிட்டியோ கூப்பிடேல்லையோ, அது ஆண்டவருக்குத்தான் தெரியும்." மாமி கோப்பையை முன்னே தள்ளினார். "அவரை ஞாயிற்றுக்கிழமை கேப்பம். இப்ப இன்னொரு மீன் துண்டு வை."

பெரியம்மாதான் வைத்தார். அம்மா அகப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டார்.

அப்பா மறுபடியும் ஹோர்ன் அடித்தார். அம்மா கதவால் தலையை நீட்டினார். மழை அவர் முகத்தில் விழுந்தது. "நிப்பாட்டுங்கோ இஞ்சினை. மச்சாள் சாப்பிடுறா."

சாப்பிடுகிற ஆளை எழுப்ப முடியாது. அப்பா சாவியைத் திருப்பினார். துடைப்பான் பாதியில் நின்றது. அந்தச் சத்தம் நின்ற கணம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மழை மட்டும்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிக நேரம் எடுக்காது. இரண்டு பேரும் பகையாக இருந்தபோது அப்பாவுக்குப் போக்குக்காட்ட இரண்டு பக்கம் இருந்தது. அவர்கள் சேர்ந்தபின் பக்கமே இல்லாமல் போனது. "எங்கடை பில்டிங்கிலை ஒரு வீடு காலியாகுது" என்றார் பெரியம்மா. "எங்கடை வேலைத்தலத்திலை பெட்டி கட்ட ஆள் தேடுறாங்கள்" என்றார் மாமி. "மொன்றியலிலை உனக்கு என்ன இருக்கு?" என்று இரண்டு பேரும் ஒரே வாயால் கேட்டார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பம்பு இருமியது.

அப்பா இறங்கிப் போய் வண்டிலைக் கழற்றினார். சங்கிலி தாரில் விழுந்து உரசிய சத்தத்துக்கு நான் ஓடினேன்.

"அப்பா, அப்ப கடல்?"

"அடுத்த கோடை, மோனை."

அதற்கடுத்த கோடையும் அதே பதில். ஒருமுறை எங்களை ஒன்ராறியோ ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், "உதுவும் கடல் மாதிரித்தான்" என்றார். தம்பி குனிந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்பில்லை" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வண்டில் கடையின் பின்புறத்திலேயே நின்றது. கடைக்காரர் அதற்குள் அரிசி மூட்டை அடுக்கினார். பிறகொரு நாள் யாரோ வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். வாத்துச் சீலையைக் கழற்றி எடுத்திருக்கலாம், ஒருவருக்கும் தோன்றவில்லை. மஞ்சள் வட்டம் விழுந்த வரைபடமும் வீடு மாறி மாறி எங்கோ போய்விட்டது.

கனகாலம் எனக்கு அம்மா மேல் மனத்தாங்கல். ஒரு மூடியை ஒழுங்காகப் போடத் தெரியாத மறதிக்காரி, அதனால் எங்கள் பயணம் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன். குடும்பத்திலும் அப்படித்தான் பகிடி. "உவள் மூடி மாத்தினதாலை நாங்கள் சேர்ந்தம்" என்று பெரியம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு நாற்பது வயது கடந்து, என் குசினியில் நானும் சட்டி கழுவுகிற ஒரு நாளில்தான் கை நின்றது. என் அம்மா வாழ்நாளில் ஒரு மூடியை மாற்றிப் போட்டவரில்லை. மண்டபத்தில் நூறு சட்டிக்குள் எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அப்படியானவர், நான் சொல்லியும் கேளாமல், பொட்டையும் நூல்கட்டையையும் மாற்றி வைத்தார். அக்காவையும் மச்சாளையும் சேர்க்கவா, தான் குளிர்சாதனப் பெட்டியோடு கதைக்காமல் இருக்கவா? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அப்பா மட்டும் ஒன்று செய்தார். அதற்குப் பிறகு வாங்கிய எல்லாக் காருக்கும் பின்னால் இழுவைக் கொழுக்கி பூட்டினார். பழைய கார், புதுக் கார், பனிக்குத் துருப்பிடித்த கார், எல்லாவற்றுக்கும். மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகவும் வரவும் அந்தக் கொழுக்கி எதற்கு? தம்பி கேட்டால், "கிடக்கட்டும்" என்பார். இருட்டில் அதில் முழங்கால் அடிபடாதவர் எங்கள் வீட்டில் இல்லை.

இந்த வசந்தத்தில் அப்பாவின் கண் சோதனை சரிவரவில்லை. எண்பதைத் தாண்டியவர். லைசென்ஸைக் கொடுத்துவிட்டார். இப்போது இரண்டு பேரும் விட்பியில் என்னோடுதான். காரை விற்க விளம்பரம் போட்டேன். ஒரு பொடியன் வந்தான். தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை. காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் குந்தி, கொழுக்கியைத் தடவினான்.

"அங்கிள், இதுக்காகத்தான் நான் வந்தேன். நாங்க நாலு பேரு ஆகஸ்ட்ல வான்கூவர் வரைக்கும் ஓட்டிட்டுப் போறோம். சின்னதா ஒரு ட்ரெய்லர் வாடகைக்கு எடுக்கிறோம். நீங்க இதுல என்ன இழுத்தீங்க?"

அப்பாவின் முழங்கால் ஆடியது நின்றது.

"இது இன்னும் ஒண்டும் இழுக்கேல்லைத் தம்பி" என்றார்.

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகத் திரும்பிக் குசினிக்குள் போனார். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார், தெரியுந்தானே. அன்றைக்குக் கோழிக்கறியும் புட்டும். நான் பின்னால் போனேன். அம்மா அலுமாரியைத் திறந்து வழக்கமான மூடிச் சட்டியை எடுத்தார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை உள்ளே வைத்துவிட்டு, குனிந்து, கீழ்த்தட்டில் இருந்து ஒரு வெறும் ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்தார்.

பொடியனிடம் அதைக் கொடுத்தபோது, "உதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம் ராசா. சாப்பிட்டுப்போட்டு எறியும்" என்றார்.

அவன் காசை எண்ணிக் கொடுத்து, நன்றி சொல்லி, எங்கள் காரில் ஏறினான். அப்பா அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கார் தெருமுனையில் திரும்பும்போது கொழுக்கி வெயிலில் ஒருமுறை மினுங்கியது.

"உப்பிடி ஒரு பெட்டி அண்டைக்கு உன்னட்டை இருந்திருந்தால்…" என்று அப்பா தொடங்கினார்.

"இருந்திருந்தாலும் சட்டியிலைதான் குடுத்திருப்பன்" என்றார் அம்மா. "உள்ளை வாங்கோ, புட்டு ஆறுது."